ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல்

மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் இறங்கி, கடலை நோக்கி நடந்து பாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பஜ்ஜிக் கடைகளையும் பலூன் சுடும் பலகைகளையும் குடை ராட்டினங்களையும் தாண்டி, கால் புதையப் புதைய நடந்தாலும் தண்ணீர் சீக்கிரத்தில் வந்து சேராது. பாதி வழியில் குழந்தைகள் தூக்கச் சொல்லி அழும். ஏறக்குறைய 300 மீட்டர் அகலத்துக்கு மணல். அங்கிருந்து வடக்கே ஆறேழு கிலோமீட்டர் போய், ராயபுரத்தைத் தாண்டிக் கடலோரச் சாலையில் நில்லுங்கள். சாலை முடிந்ததும் கருங்கல் பாறைகள். பாறைகள் முடிந்ததும் அலை. காலை நனைக்க வேண்டுமென்றால் பாறை விட்டுப் பாறை தாவி இறங்க வேண்டும். கட்டுமரத்தை இழுத்துப்போடக்கூட இடமில்லாத குப்பங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன.

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே நிற்கிறது சென்னைத் துறைமுகம். தெற்கிலிருந்து வடக்கே அலை நகர்த்திக்கொண்டு போகும் மணலை அதன் சுவர் மறித்தது. மறித்த பக்கத்தில் மெரினா வளர்ந்தது. மணல் போய்ச் சேர வேண்டிய பக்கத்தில் ராயபுரம் கரைந்தது. மாலையில் நாம் காற்று வாங்கும் மணல், ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால், மணலை இழந்த அந்தக் கரை யாருடையது, அது இந்த ஊருக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ராயப்பரின் ஊர்

தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பேதுருவை ராயப்பர் என்பார்கள். கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்த சீமோன்தான் பின்னாளில் பேதுரு ஆனார். கடலில் பிழைப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு புனிதரைத் தேடினால் வேறு யாரிடம் போவார்கள்? ராயப்பர் கோயில் இருக்கிற ஊர், ராயபுரம். வழிவழியாகச் சொல்லப்படும் பெயர்க்காரணம் இதுதான்.

இன்று நாம் பார்க்கும் புனித ராயப்பர் ஆலயம் 1829-இல் எழுந்தது. எழுப்பியவர்கள் படகோட்டிகள். குருகுல வம்சத்தார் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்தச் சமூகத்தார், அதற்கு முன்பு தெற்கே, செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டிய கரையில் குடியிருந்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த இடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது. வடக்கே இடம் கொடுத்து இவர்களை நகர்த்தினார்கள். நகர்ந்து வந்தவர்கள் புது இடத்தில் வேர் பிடிக்கச் செய்த காரியம், கோயில் கட்டிக்கொண்டது. படகுக் கூலியில் சேர்த்த காசு அது. ஆகவேதான் அந்தக் கோயிலின் நிர்வாக உரிமை எங்களுடையது என்று அவர்களின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள். வழக்கின் நியாயங்களுக்குள் நான் போகவில்லை. தான் கட்டிய கோயிலைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு சமூகம் இத்தனை காலம் நின்றது என்பதே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டிவிடுகிறது.

கிழக்கு மாதா கோயில் தெரு, மேற்கு மாதா கோயில் தெரு என்ற தெருப்பெயர்களில் அந்தப் பழைய குடியேற்றத்தின் சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலு தெரு தள்ளிப் போனால் அங்காளம்மன் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் பள்ளிவாசல். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள்.

தைத்த படகு

சென்னைக்குத் துறைமுகம் இல்லாமல் இருந்தது என்பதை இன்று யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. 1639-இல் கம்பெனிக்காரர்கள் இந்த இடத்தை வாங்கிய நாளிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல், ஒரு கப்பலும் கரையை அணையவில்லை. அணைய முடியாது. வளைகுடா இல்லை, ஆற்று முகம் ஆழமில்லை. திறந்த கடல். கரையை நெருங்கும்போது வரிசை வரிசையாக உடைந்து விழும் அலை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து கரை வரை ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தது படகு.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மசூலாப் படகு என்பது அதன் பெயர். அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகையோடு பலகையைச் சேர்த்து, ஓரத்தில் துளை போட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகை அந்த அலைக்குள் இறக்கினால், தரையில் ஒரு முறை மோதியதும் பலகை பிளந்துவிடும். தைத்த படகு பிளக்காது. அலை தூக்கிப்போட்டால் துணிமூட்டை போலத் தன்னைச் சற்று வளைத்துக்கொடுத்து, அடியை உள்வாங்கிக்கொண்டு, மறுபடி எழும். தண்ணீர் கசியத்தான் செய்யும். ஓர் ஆள் இறைத்துக்கொண்டே வருவார். உயரமான பக்கங்கள், தட்டையான அடிப்பாகம், நீண்ட துடுப்புகள், ஒரே பாட்டுக்குத் துடுப்புப் போடும் பத்துப் பன்னிரண்டு பேர், பின்னால் நின்று அலையின் பிடரியைப் பார்த்து வழிகாட்டும் ஒருவர். அடுத்த அலை முதுகில் ஏறுமா, காலடியில் உடையுமா என்று அவர் கணிக்கும் அந்த ஒரு நொடியில்தான் படகில் இருப்பவர்களின் உயிர் இருந்தது. கூடவே கட்டுமரங்கள் வரும். விழுந்தவரை எடுக்க அவை. கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டதும் ஆங்கிலேயர் இந்தக் கரைகளில் இவற்றைப் பார்த்த பிறகுதான்.

அந்தக் காலத்து ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் இந்தப் படகோட்டிகள் மேல் ஒரு புகார் திரும்பத் திரும்ப வரும். பாதி அலையில் படகை நிறுத்தி அதிகக் கூலி கேட்டார்கள் என்பது அது. கேட்டிருக்கலாம். கூலியைக் கம்பெனி நிர்ணயித்தது. எத்தனை பேரை ஏற்றலாம், எப்போது படகைத் தள்ளலாம் என்று சட்டம் போட்டது. அலைக்குள் உயிரைப் பணயம் வைத்தவர்கள் பேரம் பேசுவதற்குக் கிடைத்த ஒரே இடம் அந்த அலைதான். கவர்னர்களும் அவர்களின் சீமாட்டிகளும் படைவீரர்களும், பாதிரிகளும் பியானோக்களும் குதிரைகளும் அந்தத் தோள்களில் ஏறித்தான் கரை சேர்ந்தார்கள். கோட்டையை ஆண்டவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கரை சேர்த்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

கோட்டையில் கடலைப் பார்த்த வாசலுக்கு அருகில் அன்றைக்கு அலை அடித்தது. இன்று அந்த வாசலில் நின்றால் முன்னால் சாலையும் அதற்கப்பால் துறைமுகத்தின் மதிலும்தான் தெரியும்.

1856, ஜூலை 1

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. பம்பாயில் 1853, கல்கத்தாவுக்கு எதிரே ஹவுராவில் 1854. மூன்றாவதாக 1856-இல் சென்னை. நிலையத்தை ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர், மக்கள் பயணம் செய்யத் தொடங்கினார்கள். மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன தூரம்.

ஏன் ராயபுரத்தில்? நகரத்தின் மதிலுக்கு வெளியே, ஆனால் இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்லும் கறுப்பர் நகரத்து வணிகர்களுக்குக் கூப்பிடு தூரத்தில், சரக்கு இறங்கும் கடற்கரைக்குப் பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது. படகிலிருந்து இறங்கும் மூட்டை நேரே ரயிலேற வேண்டும். உள்நாட்டிலிருந்து வரும் பருத்தி நேரே படகேற வேண்டும். அதற்குத் தோதான இடம் இதுதான்.

வில்லியம் ஆடெல்பி டிரேசி என்ற பொறியாளர் வடிவமைத்த அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. உயர்ந்த தூண்கள், சிவப்பும் வெளிர்நிறமும் கலந்த முகப்பு. பம்பாயிலும் தானேயிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இப்போது இல்லை. ஆகவே இந்தியாவில் இன்று நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரம். இந்த ஒரு தகுதிக்காகவே வேறு ஊராக இருந்தால் வாசலில் பள்ளிக் குழந்தைகளை வரிசையில் நிறுத்திக் காட்டியிருப்பார்கள்.

1873-இல் சென்ட்ரல் வந்தது. பயணிகள் அங்கே போனார்கள். ராயபுரத்தில் சரக்கு வண்டிகள் நின்றன. மதராஸ் - தெற்கு மராட்டா ரயில்வேயின் தலைமையகம் 1922 வரை இங்கே இருந்தது. பிறகு அதுவும் போனது. பராமரிப்பின்றிக் கிடந்த கட்டடத்தை 2005-இல் புதுப்பித்தார்கள். பெரிய முனையமாக ஆக்குங்கள் என்று வடசென்னை மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மணல் நின்ற இடம்

அலையைக் கடக்கும் ஆபத்துக்கு முடிவுகட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 1861-இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புத் துறைப்பாலம் கட்டினார்கள். அது போதவில்லை. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டி, நடுவே அமைதியான நீரை அடைத்துவைக்கும் திட்டம் கொடுத்தார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் வைத்தார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் இரண்டு கைகளையும் ஒடித்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே திறந்திருந்த வாயிலை மணல் மூடத் தொடங்கியது.

1904-இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்தார். சென்னைத் துறைமுகத்தை உண்மையில் துறைமுகமாக ஆக்கியவர் அவர்தான். கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் திறந்தார். கப்பல்கள் கரையை அணைந்து நிற்கும் மேடைகளைக் கட்டினார். மணல் எப்படி நகர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து, அதைப் பற்றிப் பொறியியல் கட்டுரையே எழுதினார். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். மணல் தெற்கே சேர்கிறது, வடக்கே போவதில்லை என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்தது.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து விழுகிறது. ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலை அள்ளிக் கொஞ்சம் வடக்கே வைக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் அது திரும்பித் தெற்கே வரும். ஆனால் போவது அதிகம், வருவது குறைவு. கூட்டிக்கழித்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. கரை என்பது ஓடிக்கொண்டிருக்கும் மணல். கரையில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டத்தின் குறுக்கே சுவர் நீண்டது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. துறைமுகத்துக்கு முன்பு இன்றைய காமராஜர் சாலைக்கு அருகிலேயே அலை அடித்த இடத்தில், தரை கடலுக்குள் முன்னேறிக்கொண்டே போனது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-இல் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பேர் வைத்தார். ஊருக்கு ஒரு கடற்கரை கிடைத்தது.

சுவருக்கு வடக்கே, கடலுக்குப் பசி. அலை வழக்கம்போல மணலை அள்ளிக்கொண்டு போனது. இட்டு நிரப்பத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. வலை காயப்போட்ட மணல் போனது. பிறகு கட்டுமரங்களை ஏற்றி வைத்த மேடு. பிறகு வீடுகளின் முதல் வரிசை. சில நூறு மீட்டர் நிலம் இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் கடலுக்குள் போயிருக்கிறது. தடுப்பதற்கு லாரி லாரியாகப் பாறை கொட்டினார்கள். பாறை கொட்டிய இடம் நின்றது. அதற்கு அடுத்த இடம் அரித்தது. அங்கே கொட்டினார்கள், அதற்கும் அடுத்த குப்பம் அரித்தது. இப்படியே ராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு திருவொற்றியூர், எர்ணாவூர் என்று வடக்கே நடந்துபோய்க்கொண்டே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் குறுக்கே கல்லணைகள் நீட்டி, இடையிடையே கொஞ்சம் மணல் நிற்க வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு வடக்கே இருப்பவர்கள் தங்கள் முறை வருமென்று பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

துறைமுகம் படகோட்டிகளின் தொழிலை எடுத்துக்கொண்டது. கப்பல் மேடையிலேயே அணைந்த பிறகு அலையைக் கடக்க யார் வேண்டும்? தொழில் மாறுவது உலக வழக்கம். அதோடு சேர்ந்து அவர்களின் கரையும் போனது. அது வழக்கமில்லை. தொழிலை இழந்தவர்களின் பிள்ளைகளில் பலர் துறைமுகத்திலேயே கூலிகளாகவும் படகு இயக்குகிறவர்களாகவும் சேர்ந்தார்கள். பலர் மீன்பிடிக்கே திரும்பினார்கள். கரையை இழந்ததற்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

கஞ்சித் தொட்டியும் அணையாத தீயும்

கரையில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் ஊருக்குள் போய்விடவில்லை. சிலர் ராயபுரத்திலேயே தங்கினார்கள். ஆர்மீனியர் பெயரைச் சுமக்கும் அரத்தூன் சாலையில் ஒரு பார்சி அக்கினிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெங்கும் அப்படி ஒன்று கிடையாது. பார்சிகள் சென்னைக்கு 1795 வாக்கில் வந்தவர்கள். எண்ணிக்கையில் எப்போதும் சிறிய கூட்டம். தன் இளம் மகன் ஜாலைப் பறிகொடுத்த பிரோஜ் கிளப்வாலா, அவன் நினைவாக 1910-இல் இந்தக் கோயிலைக் கட்டினார். அன்று ஏற்றிய தீயை இன்று வரை கட்டை போட்டு வளர்த்துவருகிறார்கள். வெளியார் உள்ளே போக அனுமதி இல்லை. சாலையில் நின்று வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பிள்ளையை இழந்த ஒரு தகப்பனின் துயரம் நூறு ஆண்டுகளாக எரிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால், அந்தச் சாலையின் இரைச்சல் கொஞ்ச நேரம் காதில் விழாது.

ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இங்கே இருந்தன. பலர் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றின் மர ஜன்னல்களில் மட்டும் அவர்கள் மிச்சமிருக்கிறார்கள்.

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பெரியவர்கள் நெடுநாள் வரை கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். ஹைதர் அலியின் போரையொட்டி 1782-இல் பஞ்சம் வந்தபோது, பட்டினியோடு ஊரைத் தேடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் அது. மணியக்காரர் சத்திரம் என்பது வெள்ளைக்காரர் வாயில் மோனெகர் சத்திரம் ஆனது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். அதனால் 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் பக்கத்திலேயே சிகிச்சைக்கூடம் தொடங்கினார். அது வளர்ந்து மருத்துவப் பள்ளி ஆகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-இல் கல்லூரி ஆனது. பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சியிலிருந்து ஒரு மருத்துவக் கல்லூரி முளைத்தது என்பதை ராயபுரத்துக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். பிரசவத்துக்கு ராஜா சர் ராமசாமி முதலியார் மருத்துவமனை. வடசென்னையில் விசாரித்துப் பாருங்கள்; வீட்டுக்கு ஒருவராவது அங்கே பிறந்திருப்பார்.

அரசியலுக்கும் இந்தப் பேட்டை ஓர் இரவைக் கொடுத்தது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் தன் பயணத்தை மக்கள்முன் தொடங்கியது. மேடையில் அண்ணா, கீழே குடைபிடித்தும் நனைந்தும் நின்ற கூட்டம். 18 ஆண்டுகளில் அந்தக் கட்சி கோட்டைக்குள் போனது. அந்தப் பூங்காவுக்கு இப்போது அண்ணாவின் பெயர்.

குத்துச்சண்டையைச் சொல்லாமல் வடசென்னையைப் பற்றி எழுதினால் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய மண் இது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற பெயர்களைப் பா. ரஞ்சித்தின் படம் 2021-இல் ஊரெல்லாம் கொண்டுபோனது. இங்கே அவை அதற்கு முன்பே வீட்டுப் பெயர்கள்.

காசிமேட்டு விடியல்

இப்போதைய ராயபுரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குக் காசிமேட்டுக்குப் போக வேண்டும். துறைமுகத்துக்கு வடக்கே அமைத்து, 1984-இல் பயன்பாட்டுக்கு வந்த மீன்பிடித் துறைமுகம் அது. கட்டியபோது நினைத்ததைவிடப் பல மடங்கு நெரிசல் இன்று. விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஐந்து நாள், பத்து நாள் கடலிலேயே தங்கி, ஆந்திரக் கரை வரை போய் வந்த படகுகள். உடைத்த ஐஸ் தரையில் உருகி ஓடும். கூடை கூடையாக வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கெளுத்தி, கடம்பா. ஏலக்காரரின் குரல் ஒரு மூச்சில் பத்து எண்களைத் தாண்டும். சுற்றி நிற்பவர்களில் பெண்கள்தான் கூர்மையான கைகள். விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு தலையசைப்பில் விலை முடிப்பார்கள்.

"வா கண்ணு, நேத்து மீன் இல்ல, இப்பத்தான் படகுலருந்து எறங்குச்சு" என்று கூப்பிடும் அந்த அம்மா பொய் சொல்வதில்லை. வாங்கிய மீனைப் பக்கத்திலேயே அரிவாள்மனையில் செதில் நீக்கி வெட்டிக் கொடுக்க ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கிறது. விடியும்போது வஞ்சிரம் அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் போய்விடும். ராயபுரத்து வீடுகளில் அன்று நெத்திலிக் குழம்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். காசிமேட்டில் அந்த இரண்டு மாதமும் வலை பின்னுகிற, படகுக்குச் சாயம் அடிக்கிற, எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற சத்தம் கேட்கும். அடகுக்கடை வாசலிலும் கூட்டம் இருக்கும். தடை நியாயமானது; மீனவர்களே அதை ஏற்கிறார்கள். அந்த 61 நாளுக்கு அரசு தரும் நிவாரணத் தொகை ஒரு குடும்பத்தின் அடுப்பை அணையாமல் வைத்திருக்கப் போதாது என்பதும் உண்மை.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை அந்தத் துறைமுகத்தில் படகுகளைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டது. கரைக்கு முன்னால் மணல் அகலமாக இருந்தால் அலை அதில் கொஞ்சம் வேகத்தை இழக்கும். வடசென்னையின் குப்பங்களுக்கு முன்னால் அந்த மணல் இல்லை.

ஊர் அனுபவிக்க, இவர்கள் சுமக்க

துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றிய காலத்தில் ராயபுரத்துக் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகும். தரையைத் துடைத்த துணியைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். பிள்ளைகளுக்கு இருமல் நிற்காது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் அந்த வேலை இங்கே நின்றது. ஆனால் நிலக்கரி இல்லாமல் போய்விடவில்லை. வடக்கே எண்ணூருக்குப் போனது. மணலரிப்பைப் போலவே இதுவும் அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது.

2017 ஜனவரி இறுதியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், தெற்கே மெரினா வரை கரையைக் கறுப்பாக்கியது. பெரிய இயந்திரங்கள் தடுமாறியபோது, இளைஞர்களும் மீனவர்களும் மாணவர்களும் வாளிகளில் அந்தக் கசடை அள்ளினார்கள். அந்தப் படங்களை எல்லாரும் பார்த்தோம். வாரக்கணக்கில் மீன் விலை போகாமல் கூடையோடு திரும்பிய பெண்களின் படம் எதிலும் வரவில்லை.

இவற்றோடு, துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்த லாரிகளுக்கு நடுவே சைக்கிள் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சென்னைக்கு வரும் கார், கணினி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றின் புகையும் முதலில் இவர்கள் மூச்சில் போகிறது.

ராயபுரத்தைப் பற்றி எழுதும்போது ஏழ்மையை மட்டும் எழுதுவது எனக்குப் பிடிக்காது. திரைப்படங்களில் வடசென்னை என்றால் கத்தியும் கஞ்சாவும்தான் என்று காட்டுவது அதைவிடப் பிடிக்காது. அந்தத் தெருக்களில் இரவு பத்து மணிக்கும் கேரம் பலகைக்கு மேல் விளக்கு எரியும். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் வீட்டுக்குள் ஒரு மருத்துவ மாணவியும் ஒரு வழக்கறிஞரும் படித்துக்கொண்டிருப்பார்கள். உறவு முறை சொல்லாமல் அங்கே யாரையும் கூப்பிடுவதில்லை. வழி கேட்டால் கை காட்டி விடாமல், கூடவே தெருமுனை வரை வந்து விட்டுப்போவார்கள். அவர்களுக்கு நாம் கருணை காட்டத் தேவையில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் போதும்.

கொடுக்க முடியும். மணலைத் திருப்பிக் கொடுக்கும் வழி கனவல்ல. நம் கரையிலேயே விசாகப்பட்டினத்தில், துறைமுகம் மறித்துத் தேக்கும் மணலைத் தோண்டி எடுத்து, வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் போட்டுவருகிறார்கள். பல ஆண்டுகளாக நடக்கும் வேலை. துறைமுகத்தால் கடற்கரையை இழந்து கற்குவியலாகக் கிடந்த புதுச்சேரியில், நீருக்கடியில் திட்டு அமைத்து மணலையும் கொட்டியதில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மீண்டும் கரை வந்தது. இன்று குழந்தைகள் அங்கே விளையாடுகின்றன. சென்னையில் மட்டும் தெற்கே சேரும் மணலுக்கு ஆண்டுக்கு ஆண்டு அகலம் அளக்கிறோம், வடக்கே பாறைக்கு ஒப்பந்தம் விடுகிறோம்.

துறைமுக நிர்வாகமும் மாநில அரசும் மாநகராட்சியும் ஒன்றாக உட்கார்ந்து, தெற்கே தேங்கும் மணலில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வடக்கே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு போட வேண்டும் என்பதை முடிவு செய்யும்போது, அலையைத் தலைமுறைகளாகப் படித்த காசிமேட்டு மீனவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும். ராயபுரம் நிலையத்தைப் பூட்டி வைத்த நினைவுச்சின்னமாக விடாமல், வண்டிகள் புறப்படும் இடமாக்க வேண்டும்.

நீங்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். சென்னைக் கடற்கரை நிலையத்தில் வடக்கே போகும் மின்சார ரயிலில் ஏறினால், அடுத்த நிறுத்தம் ராயபுரம்.